டர்போ எஞ்சினும் அதன் கணக்கேடும்

சென்ற கோடை விடுமுறையில் என் தாய்மாமன் மகனாகிய அத்தான், முன்னொருவர் ஓட்டிய டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, அதில் எங்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைக்குப் புறப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னர், எஞ்சினின் ஓர் உறுப்பையும் கழற்றாமல், அதனை ஆளும் கணினியிலுள்ள எண்களை மட்டும் மாற்றி, வலிமையை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூட்டித் தந்திருந்தார் ஒரு தொழிலாளர். மலைப்பாதையின் நடுவே, நண்பகல் வெயிலில், தகரக் குவளையிற் கூழாங்கற்களைக் குலுக்கினாற் போன்ற ஓசை எஞ்சினுள் எழுந்தது. சிறிது பொழுதில் வண்டி வலியிழந்து நின்றது. பின்னர்ப் பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் ஒன்று, வளையங்கள் பொருந்தும் இடத்தில் உடைந்து கிடந்தது. "எண்ணை மாற்றினால் எஞ்சின் உடையுமா, தம்பி?" என்று அத்தையார் என்னை வினவினார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவின் விடையைத் தேடியறிந்தவாறே ஈண்டு எழுதுகின்றேன்.

எஞ்சினுக்கு வலிமை தருவது பெட்ரோல் ஒன்றே எனப் பலரும் கருதுவர். அது பாதி உண்மையே. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு, நிறையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டுமளவு பாய்ச்சுதல் எளிது. காற்றோ, பிஸ்டன் கீழிறங்கும்போது தானாகப் புகக்கூடிய அளவே சிலிண்டருட் புகும். ஆகலின் எஞ்சினின் வலிமைக்கு எல்லை வகுப்பது காற்றேயாம். அவ்வெல்லையைக் கடத்தற்கு எழுந்த கருவியே டர்போ. வீணே வெளியேறும் வெம்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு ஒரே தண்டிற் பிணைந்த மற்றொரு சக்கரம் புறக்காற்றை அழுத்தி எஞ்சினுட் செலுத்தும். அத்தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. இம்முறைக்கு ஸ்விட்சர்லாந்து நாட்டினரான ஆல்ஃபிரெட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

அற்றேல், காற்றை அழுத்துந்தோறும் வலிமை பெருகுமாயின், வரம்பின்றி அழுத்தலாகாதோ எனின், ஆகாது. என்னை? அழுத்தப்பட்ட காற்று வெம்மையுறும். சிலிண்டருள், ஸ்பார்க் பிளக்கின் பொறியால் தீப்பற்றிய கலவை, ஒரு முனையினின்று மறுமுனை வரை ஒழுங்காக எரிந்து செல்லவேண்டும். வெம்மையும் அழுத்தமும் அளவு கடப்பின், தீ சென்று எட்டுமுன்னரே கடைக்கோடியில் எஞ்சிய கலவை தானே ஒருங்கு வெடித்துவிடும். இதனையே நாக்கிங் என்பர். அதன் அதிர்ச்சி, பிஸ்டனைச் சம்மட்டியால் அறைந்தாற் போல்வது. இதனைத் தாங்கும் பெட்ரோலின் திறத்தை அளக்குங் கோலே ஆக்டேன் எண்.

டர்போ பூட்டி மக்களுக்கு விற்கப்பட்ட முதற் கார்களுள் ஒன்று, 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்பது. அதனை ஆக்கியோர் நாக்கிங்கைத் தடுத்தற்பொருட்டு, நீரும் மெதனாலுங் கலந்த திரவமொன்றைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுட் பாய்ச்சினர். தொட்டி வறண்டால் டர்போவின் அழுத்தம் தானே குறையுமாறும் அமைத்திருந்தனர். வாங்கியோருட் பலர் தொட்டியை நிரப்ப மறந்தனர். உரிமையாளர் மறப்பர் என்பதையும் கணக்கிற் சேர்த்தே எஞ்சினை வகுத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடமாகும்.

இக்காலத்தில் அக்காவல் கணினியின் கையில் உள்ளது. ஜெர்மனியைச் சார்ந்த போஷ் நிறுவனத்தார், பெட்ரோல் பாய்ச்சுதலையும் பொறி விடுதலையும் ஒரே கணினியின்கீழ்க் கொணர்ந்த மோட்ரானிக் என்னும் அமைப்பை 1979-இல் வெளியிட்டனர். இத்தகைய கணினியுள் எண்கள் நிரம்பிய கட்டப்பட்டியல்கள் பல உள. ஒரு பட்டியலின் ஒருபுறம் எஞ்சினின் சுற்று வேகமும், மறுபுறம் உட்புகுந்த காற்றின் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுங் கூடுங் கட்டத்திலுள்ள எண்ணே, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு எத்தனை பாகை முன்னர்ப் பொறி விடவேண்டும் என்பதை உணர்த்தும். பெட்ரோலின் அளவுக்கும், டர்போவின் அழுத்தத்திற்கும் இவ்வாறே தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. எஞ்சினின் உடலிற் பதித்த நாக் சென்சார் என்னுஞ் சிறு கருவி நாக்கிங்கின் அதிர்வைச் செவிபோற் கேட்கும். கேட்டவுடன் கணினி பொறியைத் தாழ்த்தி விடுத்து எஞ்சினைக் காக்கும். இப்பட்டியல்களைத் திருத்தி எழுதுதலே ரீமேப் எனப்படுவது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஃபோக்ஸ்வாகன், ஔடி நிறுவனத்தார் 1990-களின் இடைக்காலத்திற் கொணர்ந்த 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், ஔடி ஏ4 காரில் 150 குதிரைத்திறன் உடையதாய் விற்கப்பட்டது. அதே குடும்பத்து எஞ்சின், 1998-இல் வந்த ஔடி டிடி காரில் 180 எனவும் 225 எனவும் இருவகையாய் அமைந்தது. 150 குதிரைத்திறன் எஞ்சினின் பட்டியல்களைத் திருத்தி, டர்போவின் மிகையழுத்தத்தை ஏறத்தாழ இருமடங்காக்கின், அது 190-ஐ அணுகும். இதனைக் கண்டோர், ஆக்கியோர் வலிமையை ஒளித்துவைத்து விற்றனர் என்பர். ஆயின் 225 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அந்நிறுவனத்தாரே எண்களை மட்டும் மாற்றினாரல்லர். பெரியதொரு டர்போவையும், அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றுக்கு இரண்டையும் பூட்டினர்.

திருத்தும் முறை யாதெனின், கணினியின் நினைவிலுள்ளவற்றைக் காரின் சோதனை இணைப்பு வாயிலாக முதலிற் படித்தெடுப்பர். பழைய கார்களிற் சில்லையே பெயர்த்து வேறு பதிப்பர். பின்னர் உரிய பட்டியல்களைத் திருத்தி, சரிபார்ப்புத் தொகையையும் அதற்கேற்ப மாற்றி, மீண்டும் எழுதுவர். ஒரு பட்டியலை மட்டுந் திருத்தல் போதாது. அழுத்தத்தைக் கூட்டினால் பெட்ரோலைக் கூட்டவேண்டும். பெட்ரோலைக் கூட்ட இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் திறன் இருத்தல் வேண்டும். பொறியைச் சற்றே தாழ்த்தவும் வேண்டும். வல்லவராவார், வண்டியை உருளை மேல் ஓட்டிக் கலவையின் அளவையும், வெம்மையையும், கணினி பொறியை எத்துணைத் தாழ்த்துகின்றது என்பதையும் பார்த்துப் பார்த்துத் திருத்துவர். வல்லமை இல்லாதார், எங்கோ எவர்க்கோ எழுதிய பட்டியலை அப்படியே பதிவு செய்து அனுப்பிவிடுவர்.

இனிக் கூடிய வலிமை எங்கிருந்து வந்தது என்பதே ஆராய்தற்குரியது. எண்கள் வலிமையைப் படைப்பனவல்ல. ஆக்கியோர் பாலைவன வெயிலையும், உயர்மலைக் காற்றையும், தாழ்ந்த பெட்ரோலையும், காலத்தில் எண்ணெய் மாற்றாத உரிமையாளரையும் எண்ணி, உறுப்புகளின் தாங்குதிறனுக்கும் அன்றாட உழைப்புக்கும் இடையே ஓர் இருப்பை விட்டுவைத்தனர். ரீமேப் என்பது அவ்விருப்பினின்று எடுத்துச் செலவிடுதலேயாம். எடுப்பவர் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு எஞ்சியது என்பதை அறிந்து, நல்ல பெட்ரோலும், காலந்தவறா எண்ணெய் மாற்றமும், தக்க ஸ்பார்க் பிளக்கும் கொண்டு ஓட்டுவாராயின், கேடின்றிப் பல்லாண்டு ஓட்டுதலுங் கூடும். கணக்கறியாது எடுப்பின், வெம்மை மிக்க நாளில் அவ்விருப்பு வறண்டுபோம்.

எங்கள் வண்டிக்கு நேர்ந்தது இதுவே. வேறொரு மெக்கானிக் அக்கணினியைப் படித்துப் பார்த்து உரைத்தவாறு: அவ்வெண்கள் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கென வகுத்தவை, அத்தான் நிரப்பியதோ பங்கிற் கிடைத்த சாதாரணப் பெட்ரோல். மலை ஏற ஏறக் காற்று மெலிதலின், குறித்த அழுத்தத்தை எட்டுதற்கு டர்போ மேலும் விரைந்து சுழன்று, காற்றை மேலும் வெம்மையாக்கிற்று. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. நாக் சென்சார் அடிக்கடி குறுக்கிட்டு வலிமையைக் குறைத்தலாகாது என்று, அதன் உணர்ச்சியையும் அத்தொழிலாளர் மழுக்கியிருந்தார். அழுதற்கு வாயும், கேட்டற்குச் செவியும் இலதாகிய எஞ்சின், உடைந்தே தன் துன்பத்தைக் காட்டிற்று.

சட்டத்தையும் மறத்தலாகாது. வண்டியின் பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள், ஆக்கியோர் முதலிற் குறித்தவற்றொடு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகின்றது. வலிமையைக் கூட்ட விழைவார் இதனையும், உத்தரவாதம், காப்பீடு ஆகியவற்றின் நிபந்தனைகளையும் முன்னரே படித்தறிதல் கடனாம்.

புதிய பிஸ்டன் பூட்டி, பழைய எண்களையே மீண்டும் எழுதுவித்த பின்னர், அத்தான் அவ்வண்டியில் வந்து எங்கள் வீட்டு வாயிலில் நின்றார். அத்தையாருக்கு அன்று விடை கூறினேன்: "எண் எஞ்சினை உடைக்கவில்லை, அத்தை. எஞ்சினுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எண்ணாமல் எடுத்துவிட்டோம்." அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், "குடும்பம் நடத்துகிறவளிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே," என்று நகைத்து, முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.