கொட்டகைக்குப் பைன் சட்டமா? வளைத்துப் பார்த்து வாங்குங்கள்!

ஆட்டுக் கொட்டகை, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் கூரைக்குப் பனங்கையும் வேம்பும் தேடியவர்கள், இப்போது மரக்கடையில் பைன் சட்டம் வாங்குகிறார்கள். தூத்துக்குடி போன்ற துறைமுகங்கள் வழியாக இறக்குமதியாகும் மென்மரம் இது. நேராக இருக்கும், எடை குறைவு, ஆணி அடிக்கவும் எளிது. ஆனால், ஒரே கட்டில் உள்ள இரண்டு சட்டங்களுக்கு ஒரே வலு இருக்காது. வழவழப்பை மட்டும் நம்பி வாங்கினால், மழையில் கூரை தொய்யும்போதுதான் தவறு தெரியும்.

வலு வேறு, விறைப்பு வேறு

எவ்வளவு பாரத்தில் முறியும் என்பது வலு. பாரம் ஏற்றினால் எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. முறித்துப் பார்த்த சட்டம் கூரைக்கு உதவாது. அதனால், வெளிநாட்டு ஆலைகளில் ஒவ்வொரு சட்டத்தையும் உருளைகளுக்கு இடையே லேசாக வளைத்து, விறைப்பை அளந்து, அதிலிருந்து வலுவைக் கணிக்கிறார்கள். பிறகு தர முத்திரை குத்துகிறார்கள். ஐரோப்பிய மரத்தில் சி16, சி24 என்று இருக்கும். எண் கூடினால் வலுவும் கூடும். நம் நாட்டு ஐ.எஸ். 883 விதியும் கட்டட மரங்களை விறைப்பின்படி ஏ, பி, சி என மூன்று குழுக்களாகப் பிரிக்கிறது. பெட்டிகளைப் பிரித்து விற்கும் பைன் பலகைக்கு இந்தத் தரம் பார்ப்பதில்லை. அதைக் கூரைக்குப் போட வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

* கணு: சிறிய கணு நடுவில் இருந்தால் பாதகமில்லை. ஓரத்தில் பெரிய கணு இருந்தால், முறிவு அங்கேதான் தொடங்கும்.
* நார் ஓட்டம்: சட்டத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து ஓடினால் ஒதுக்கிவிடுங்கள்.
* ஈரம்: ஈரச் சட்டம் காயும்போது முறுக்கும், பாரத்தில் கூடுதலாகத் தொய்யும்.

சிமென்ட் மூட்டைச் சோதனை

4 அங்குல அகலம், 2 அங்குலத் தடிமன் உள்ள சட்டத்தை, 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கற்கள் மீது படுக்கையாக வையுங்கள். நடுவில் 50 கிலோ சிமென்ட் மூட்டையை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். சட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளக்கவும்.

* சுமார் 7 மி.மீ: சி24 தரத்துக்கு நிகரான விறைப்பு.
* சுமார் 10 மி.மீ: சி16 தரம். சிறிய கொட்டகைக்குப் போதும்.
* 14 மி.மீ-க்கு மேல்: ஐ.எஸ். விதியின் கடைசிக் குழுவிலும் சேராது. வாங்க வேண்டாம்.

சோதனைக்கு முன் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 50 மி.மீ-க்குப் பதில் 45 மி.மீ இருந்தால், நல்ல மரமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வளையும். குறைவது உங்கள் காசு! விறைப்பான சட்டமும் ஓரக் கணுவில் முறியலாம். எனவே இரண்டு சோதனைகளும் அவசியம்.

செலவில்லாத வலு

அதே சட்டத்தைப் படுக்கையாகப் போடாமல், 4 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி பொருத்தினால், விறைப்பு 4 மடங்கும் வலு 2 மடங்கும் ஆகும். கணு உள்ள ஓரம் மேலே இருக்கட்டும். இழுவிசை தாங்குவது கீழ் ஓரம்தான்.

பைன் மரம் கரையானுக்கு எளிய இரை. ஆகவே கால் நடுவதற்கு வேண்டாம். மண் படாத மேல்கூரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.