பழைய பைக் வாங்கறீங்களா? பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பரைப் படிங்க

வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாசம் ஆனதும் நம்மில் நிறைய பேர் செய்யற முதல் பெரிய செலவு பைக். புதுசு வாங்கினா ஆன்ரோடு விலை சுலபமா ஒரு லட்சத்தைத் தாண்டுது. அதனால செகண்ட் ஹேண்ட் பார்ப்போம்னு தோணும். அது நல்ல முடிவுதான், சந்தேகமே இல்லை. ஆனா வாங்கற முறையிலதான் பிரச்சினை.

ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் பொதுவா எப்படி நடக்கும்? தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போவோம். அவர் இன்ஜின் சத்தம் கேட்பார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார், "வண்டி நல்லா இருக்கு தம்பி, எடுத்துக்கலாம்"னு சொல்வார். உடனே அட்வான்ஸ் கொடுத்துடுவோம். மெக்கானிக் சொல்றது வண்டியோட உடம்பைப் பத்தி மட்டும்தான். அது யாருக்குச் சொந்தம், அது மேல எந்த பேங்குக்கு எவ்வளவு பாக்கி, ஏதாவது ஸ்டேஷன்ல புகார் இருக்கா என்பதெல்லாம் சத்தத்தை வெச்சுச் சொல்ல முடியாது.

ஆடிட்டர் வேலையில நாங்க ஒரு கம்பெனியோட கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து போட மாட்டோம். பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிடுவோம், குடோனுக்குப் போய் சரக்கையும் எண்ணுவோம். வண்டிக்கும் அதே வழிதான். இரும்பில் அடிச்சிருக்கிற நம்பர், விற்கறவர் கையில இருக்கிற ஆர்.சி., அரசாங்கப் பதிவு. இந்த மூணும் ஒண்ணா இருந்தாதான் அடுத்த பேச்சு.

சேஸிஸ் நம்பர் என்ன சொல்லும்?

நம்பர் பிளேட்டை எவரும் கழட்டி மாட்டலாம். வண்டியோட உண்மையான அடையாளம் சேஸிஸ் நம்பர். மொத்தம் 17 இடம், எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூணு ஆங்கில எழுத்துகள் இதில் வரவே வராது. 1, 0 ஆகிய எண்களோட குழம்பக் கூடாதுன்னு சர்வதேசத் தரத்திலேயே விலக்கிட்டாங்க. நீங்க பார்க்கற நம்பர்ல 'ஓ' எழுத்து இருக்கற மாதிரி தெரிஞ்சா, ஒண்ணு அது பூஜ்யம், இல்லைன்னா யாரோ கை வெச்சிருக்காங்க.

முதல் மூணு இடம் தயாரிப்பாளரைக் காட்டும். எம்.பி.எல். என்றால் ஹீரோ, எம்.டி.2 என்றால் பஜாஜ், எம்.டி.6 என்றால் டி.வி.எஸ்., எம்.ஈ.4 என்றால் ஹோண்டா டூவீலர், எம்.ஈ.3 என்றால் ராயல் என்ஃபீல்டு. கார்ல எம்.ஏ.3 மாருதி, எம்.ஏ.எல். ஹூண்டாய், எம்.ஏ.டி. டாடா. டேங்க்ல ஒரு கம்பெனி பெயரும் சேஸிஸ்ல வேறொரு கம்பெனி கோடும் இருந்தா, அங்கிருந்து அப்படியே கிளம்பிடுங்க.

தயாரிப்பு வருஷத்துக்கும் ஒரு எழுத்து உண்டு. 2015-க்கு எஃப், 2018-க்கு ஜே, 2020-க்கு எல், 2022-க்கு என், 2024-க்கு ஆர். வழக்கமா இது பத்தாவது இடத்தில் வரும். இந்தியாவில் சில கம்பெனிகள் வேற இடத்தில் வைக்கறாங்க. அதனால இந்த எழுத்தை மட்டும் நம்பாம, ஆர்.சி.யில் அச்சாகியிருக்கிற தயாரிப்பு மாதம், வருஷத்தோட ஒப்பிடுங்க. பதிவு தேதி வேற, தயாரிப்பு தேதி வேற. 2019 அக்டோபரில் தயாராகி, 2020 பிப்ரவரியில் பதிவான வண்டியை "2020 மாடல்"னு சொல்லி விலை கேட்பாங்க. நீங்க 2019 விலை பேசுங்க.

இன்னொண்ணு. இணையத்தில் கிடைக்கிற அமெரிக்க டீகோடர்ல நம்ம ஊர் நம்பரைப் போட்டா "தவறான எண்"னு வரலாம். ஒன்பதாவது இடத்தில் சரிபார்ப்பு எண் இருக்கணும்கிறது வட அமெரிக்க விதி. இங்கே அது கட்டாயம் இல்லை. அதை வெச்சு பயப்பட வேண்டாம்.

வண்டி முன்னாடி நின்னு என்ன பார்க்கணும்?

பெரும்பாலான பைக்கில் சேஸிஸ் நம்பர் ஹேண்டில் பாருக்குக் கீழே, ஃபிரேமோட கழுத்துப் பகுதியில் இருக்கும். ஸ்கூட்டருக்கு இடம் மாறும்; ஓனர்ஸ் மேனுவல்ல போட்டிருப்பாங்க. இன்ஜின் நம்பர் இன்ஜின் கவசத்தோட கீழ்ப்பகுதியில். பழைய துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துட்டுப் போங்க, அழுக்கைத் துடைச்சாதான் தெரியும்.

எழுத்துகள் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே இடைவெளியில் இருக்கா பாருங்க. சுத்தி இருக்கற இடம் மட்டும் தேய்ச்ச மாதிரியோ, புது பெயின்ட் அடிச்ச மாதிரியோ இருந்தா சந்தேகம். ஒரு வெள்ளைப் பேப்பரை மேல வெச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுங்க. கண்ணுக்குத் தெரியாத கோணலும் பேப்பர்ல தெரிஞ்சிடும். "துரு பிடிச்சதால திரும்ப அடிச்சோம்"னு சொன்னா, அது ஆர்.டி.ஓ. பதிவில் இருக்கணும். இன்ஜின் மாத்தியிருந்தாலும் அப்படித்தான்.

2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தயாரான வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதில் லேசரால் பொறிச்ச தனி எண் இருக்கும், திருகாணிக்குப் பதிலா ஒருமுறை மட்டும் பூட்டக்கூடிய லாக் இருக்கும். சாதாரண போல்ட்டில் தொங்கினா ஏன்னு கேளுங்க.

போன்ல பத்து நிமிஷ வேலை

பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ வண்டி நம்பரைப் போடுங்க. மாடல், பதிவு தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும், ஹைபோதிகேஷன் இருக்கா இல்லையா எல்லாம் வரும். உரிமையாளர் பெயரும் சேஸிஸ் நம்பரும் பாதி மறைஞ்சிருக்கும். மறையாத எழுத்துகளை நீங்க எடுத்த பென்சில் பிரிண்ட்டோட ஒப்பிடுங்க.

முழுசா பார்க்க ஒரு நல்ல வழி இருக்கு. விற்கறவரையே அவரோட டிஜிலாக்கரில் ஆர்.சி.யைத் திறந்து காட்டச் சொல்லுங்க. அது அரசாங்கப் பதிவிலிருந்து நேரா வரும். சேஸிஸ் நம்பர் கொடுக்கணும், பெயரும் பொருந்தணும். "ஆர்.சி. என் மச்சான் பேர்ல இருக்கு, அவர் வெளிநாட்டுல இருக்கார்"னு பதில் வந்தா, அந்த மச்சான் வர்ற வரைக்கும் காத்திருங்க.

அடுத்தது திருட்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 'வாகன என்.ஓ.சி.' சேவையை இணையத்தில் கொடுக்குது. பதிவு எண், சேஸிஸ், இன்ஜின் நம்பரைப் போட்டா, அந்த வண்டி காவல்துறை பதிவில் திருடு போனதா இருக்கான்னு தெரியும். இதை ஏன் விடக்கூடாதுன்னா, திருடினவர்கிட்ட இருந்து வாங்கினா சொத்துரிமை உங்களுக்கு வராது. தெரியாம வாங்கினவருக்குத் தண்டனை இல்லாம போகலாம். ஆனா வண்டியை போலீஸ் எடுத்துட்டுப் போகும், கொடுத்த பணத்தை நீங்கதான் துரத்தணும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதத்தையும் பாருங்க.

கடன் முடிஞ்சது வேற, கடன் பதிவு நீங்கினது வேற

"லோன் எல்லாம் கட்டி முடிச்சாச்சு சார்"னு சொல்வாங்க. உண்மையாவே கட்டியிருப்பாங்க. ஆனா ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிற வரைக்கும் பெயர் மாற்றம் நடக்காது. பேங்க் என்.ஓ.சி.யும், உரிமையாளரும் ஃபைனான்சியரும் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் கொடுத்து நீக்கணும். இதை வாங்கினதுக்கு அப்புறம் நாம பார்த்துக்கலாம்னு விட்டா, அந்த அலைச்சலுக்கு உங்க லீவு போகும். நீக்கிட்டு வரச் சொல்லுங்க, இல்லைன்னா அதுவரைக்கும் ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைங்க.

பி.ஒய். வண்டி விலை ஏன் குறைவு?

கடலூர் மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. புதுச்சேரி பக்கத்துலயே இருக்கறதால பி.ஒய். 01 வண்டிகள் நம்ம சந்தையில சகஜம். அதே மாடல் டி.என். 31 வண்டியை விட விலை குறைவா சொல்வாங்க. அது லாபம்னு நினைச்சுடாதீங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா புதுப் பதிவு எண் வாங்கணும். அதுக்குப் புதுச்சேரி போக்குவரத்து அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேணும். அதைப் பதிவு உரிமையாளர்தான் வாங்கித் தரணும். லோன் பாக்கியோ அபராதமோ இருந்தா அங்கேயே நிற்கும். அப்புறம் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. இங்கே 2023 நவம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஒரு லட்சம் விலை வரைக்கும் 10%, அதுக்கு மேல 12%. பழைய வண்டிக்கு வயசுக்கு ஏத்தபடி குறையும், ஆனா பூஜ்யம் ஆகாது.

அதனால கணக்கை இப்படிப் போடுங்க: பி.ஒய். வண்டி விலை + தமிழ்நாட்டு வரி + கட்டணங்கள் + உங்க ரெண்டு மூணு நாள் லீவு. இதை டி.என். வண்டி விலையோட ஒப்பிடுங்க. வரித் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுட்டே விலை பேசுங்க.

வெள்ளத்தில் நின்ன வண்டியா?

2011 தானே, 2015 மழை, 2024 ஃபெஞ்சல்னு நம்ம மாவட்டம் பார்த்த தண்ணி கொஞ்சம் இல்லை. வண்டி தண்ணியில நின்னதை ஆர்.சி. சொல்லாது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி கொஞ்சம் சொல்லும்.

பாலிசியில் 'நோ க்ளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம்னு பாருங்க. தொடர்ந்து க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். நாலஞ்சு வருஷமா முழு பாலிசி எடுத்துட்டு வந்த வண்டிக்கு இப்போ போனஸ் பூஜ்யம்னா, ஒண்ணு க்ளெய்ம் நடந்திருக்கு, இல்லைன்னா பாலிசி நடுவுல அறுந்திருக்கு. எதுன்னு கேளுங்க. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தா போனஸே இருக்காது. அப்போ சர்வீஸ் பில்லைக் கேளுங்க.

பெயர் மாற்றம் ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு

விற்கறவர் படிவம் 29-ல் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும்; வாங்கறவர் படிவம் 30-ல் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். "வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கிட்டோம், அப்புறம் பார்த்துக்கலாம்"னு வருஷக்கணக்கா விடறவங்க நிறைய. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவா சொல்லிடுச்சு: வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். நாளைக்கு உங்க பழைய பைக்கை விற்கும்போதும் இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இன்ஷூரன்ஸ்ல தேர்டு பார்ட்டி பகுதி வண்டியோடயே உங்களுக்கு வந்துடும். சொந்த சேதப் பகுதி தானா வராது. 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதி உங்க பெயருக்கு மாத்துங்க. போனஸ் பழைய உரிமையாளரோடது, அது உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டணும்.

கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிற நம்ம ஆட்கள் பழைய கார் வாங்கும்போது, பதிவு வரலாறும் கடன் விவரமும் அடங்கிய ஒரு தொகுப்பை விற்கறவரே கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. இங்கே அந்தத் தொகுப்பை நாமே சேர்க்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பணம் கொடுக்கற வரிசை

1. வண்டி நம்பர் வாங்கி வீட்டிலிருந்தே பரிவாகன், இ-சலான் பாருங்க.
2. நேரில் போய் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி., டிஜிலாக்கரோட ஒப்பிடுங்க.
3. வாகன என்.ஓ.சி. எடுத்து சேமிச்சு வைங்க.
4. அதுக்கப்புறம் மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க.
5. அட்வான்ஸ் ரெண்டாயிரமோ மூவாயிரமோ, ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவரோட பேங்க் கணக்குக்கு மட்டும் அனுப்புங்க. கார்னா இன்னும் கவனம்: ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டத்தில் தடை.
6. விற்பனை ஒப்பந்தத்தில் சேஸிஸ் நம்பர், தேதி, ஒப்படைச்ச நேரம் மூணையும் எழுதுங்க. அந்த நேரத்துக்கு முன்னாடி வந்த அபராதம், வழக்கு எல்லாம் விற்கறவர் பொறுப்புன்னு ஒரு வரி சேருங்க.
7. பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவான அன்னைக்கே மீதிப் பணம்.

"நேரமில்லை தம்பி, இன்னொருத்தர் பணத்தோட நிக்கறார்"னு அவசரப்படுத்தினா, அந்த இன்னொருத்தருக்கே கொடுக்கச் சொல்லிடுங்க. நீங்க ரெண்டு மூணு மாசச் சம்பளத்தைக் கொடுக்கப் போறீங்க. 17 எழுத்தைப் படிக்க விடாத வண்டி உங்களுக்கு வேண்டாம்.