சிறுவரும் நூதனசாலையும்

விடுமுறை கழிந்து வரும் மாணவரிடம் எங்கே சென்றீர்கள் என்று வினவினால், "கொழும்புக்குப் போனோம்; நூதனசாலையும் பார்த்தோம்" என்பர். அங்கே என்ன கண்டீர்கள் என்று கேட்டாலோ, விடை ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுவிடும். மாவடிப்பள்ளி, காரைதீவு, கல்முனைப் பக்கங்களிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸிற் சென்று, ஒரே முற்பகலில் எல்லா மண்டபங்களையும் சுற்றி முடித்தால், சிறு பிள்ளைகளின் மனத்திற் களைப்பன்றி வேறென்ன எஞ்சும்?

1899 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிற் சிறுவர்க்கென்றே ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது. பிள்ளை கண்ணாற் கண்டு மட்டுமன்றிக் கையாற் தொட்டும் கற்கின்றது என்பதே அங்கு வளர்ந்த கொள்கை. கொழும்பு நூதனசாலையிலோ அரும்பொருள்களைத் தொடலாகாது. ஆகவே, கைக்கு வேலை இல்லாத இடத்திற் கருத்துக்கு வேலை கொடுப்பது பெற்றார் கடனாகும். ஒரு வருகைக்கு இரண்டு பொருள்களே போதும்.

முதலாவது, அக்கட்டடமே. ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் எழுந்து, 1877 சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்ட அம்மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன். கைம்மாறாக யாது வேண்டும் என ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தல் வேண்டும் என்று மட்டும் அவர் வேண்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பொன்னும் பொருளும் கேளாத அந்த உள்ளத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் படியேறுவோமாயின், சுவர்களும் அவர்களோடு பேசும்.

இரண்டாவது, காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடைய இக்கல் 1409 ஆம் ஆண்டுக்குரியது. நெடுங்காலம் மறைந்து, 1911 இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றது. மூவிடத்தும் அளித்த காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே தன்மையன. எழுத்துகள் தேய்ந்துள்ளன, எனினும், பள்ளியிலே தமிழும் மத்ரசாவிலே அறபு எழுத்தும் பயிலும் எம்மூர்ச் சிறுவன் ஓர் எழுத்தையேனும் அடையாளங் காண முயல்வானன்றோ? மாவடிப்பள்ளிச் சிறுவனும் அடுத்த ஊராகிய காரைதீவுச் சிறுமியும் அக்கல்லின் முன் ஒருங்கே நின்றால், ஆசிரியர் நீண்ட விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை.

கொழும்பு தொலைவு என்போர்க்கு, காத்தான்குடியில் 2015 இல் பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டமையை நினைவூட்டலாம். அதனினும் அண்மையிலுள்ளது எமது வீட்டுப் பரண். மரைக்கால், சுளகு, உலக்கை, வெற்றிலை வட்டா, பன்பாய் ஆகியன இன்றும் சில வீடுகளில் உள. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எம் கரையோரத்திற் கொண்டுபோனவற்றுள், உயிர்களோடு, பாட்டன் பாட்டியர் கைபட்ட இத்தகைய பொருள்களும் அடங்கும். எஞ்சியவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டால், நாளை எதனைக் காட்டி இவ்வூரின் கதையைச் சொல்வோம்?

பாடசாலையில் ஓர் அலுமாரி போதும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைக் கொணர்ந்து, அதன் பெயரையும், பயன்படுத்தியவர் யார் என்பதையும், எவ்வாறு பயன்பட்டது என்பதையும் உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டெழுதி வைக்கட்டும். அங்கே மரைக்காலைத் தொடலாம். நெல்லை அளந்தும் பார்க்கலாம். புரூக்ளினிற் தோன்றிய கொள்கை அவ்வலுமாரியில் நிறைவேறும். அவ்வாறு பழகிய பிள்ளை பின்னொருநாள் கொழும்பு செல்லுங்கால், கண்ணாடிக்குள் இருக்கும் பொருளையும் ஒருவர் கைபட்ட பொருளாகவே காணும். பெற்றாரே, அடுத்த விடுமுறைக்கு முன் பரணிலே ஒருமுறை தேடிப் பாருங்கள்.