“அந்த வயருக்கு ரெசிஸ்டன்ஸ் இல்லையா, சார்?”

பொறியியல் முதலாண்டு. கிர்ச்சாஃப் விதி நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் ஒரு பேட்டரி, இரண்டு ரெசிஸ்டர், அவற்றைச் சேர்க்கும் நேர்க்கோடுகள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து கேட்டான்: “அந்த வயருக்கு ரெசிஸ்டன்ஸ் இல்லையா, சார்?”

“படத்துல போட்டிருக்கா? இல்லல்ல? உட்காரு தம்பி.”

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பாடம் பாக்கி இருந்தது; பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மின்னணுவியல் பாடத்தைத் தொடங்கவே கூடாது என்று இன்றைக்கு நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது வேறொரு வகுப்பறை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘6.002’ என்ற எண்ணில் ஒரு பாடம் இருந்தது. பெயர் ‘மின்சுற்றுகளும் மின்னணுவியலும்’. மின்பொறியியலுக்கும் கணினிப் பொறியியலுக்கும் பொதுவான வாசல் அது. அதை நடத்தியவர்களில் ஒருவர் அனந்த் அகர்வால், 1982-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர். அவருடைய 2007-ஆம் ஆண்டு வகுப்புகளை அந்தக் கழகமே வீடியோவாக எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. முதல் வகுப்பைப் பார்த்தபோது, என் நண்பன் கேட்டதற்கான பதில் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மின்சாரத்தில் ஆரம்பிக்கவில்லை. ஒரு பொருளை இவ்வளவு விசையோடு தள்ளினால் அதன் முடுக்கம் என்ன என்று கேட்கிறார். பதில் சொல்ல அதன் நிறை தெரிந்தால் போதும். சூடாக இருக்கிறதா, என்ன நிறம், உருண்டையா சப்பையா என்று நாம் கேட்பதில்லை. முழுப் பொருளையும் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடுகிறோம். பிறகுதான் பல்புக்கு வருகிறார். அதன் இழைக்குள் மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்பதை மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கொண்டு இடம் இடமாகக் கணக்கிடலாம், உயிர் போய்விடும். பல்பில் ஓடும் மொத்தக் கரண்ட் மட்டும் போதுமென்றால் அந்த இழையை ‘ஆர்’ என்ற ஒரே எழுத்தாகச் சுருக்கிவிடலாம். ஓமின் விதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சுருக்கல் சும்மா கிடைப்பதில்லை. மூன்று நிபந்தனைகளுக்கு நாம் கட்டுப்பட வேண்டும். உறுப்புகளுக்கு வெளியே காந்தப் பாயம் மாறிக்கொண்டிருக்கக் கூடாது. உறுப்புகளுக்கு உள்ளே நிகர மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகக் கூடாது. சுற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலை போய்ச் சேரும் நேரத்தைவிட, சிக்னல் மெதுவாக மாற வேண்டும். இவற்றுக்கு உட்பட்டால்தான் கிர்ச்சாஃப் விதிகள் செல்லும். அந்த விதிகளை கிர்ச்சாஃப் எழுதியது 1845-இல். அப்போது அவர் கோனிக்ஸ்பர்கில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். மாக்ஸ்வெல் தன் சமன்பாடுகளைத் தந்தது 1860-களில். விதி முதலில் பிறந்துவிட்டது, அது எதுவரை செல்லும் என்பது பின்னால்தான் தெளிவானது. நம் பாடப்புத்தகங்களில் விதி இருக்கிறது, அதன் எல்லைக்கோடு பெரும்பாலும் இல்லை.

எல்லையை அகர்வால் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய் ஒன்றின் இரு முனைகளிலும் மின்சாரம் கொடுக்கிறார். காய் ஒளிர ஆரம்பிக்கிறது, நாறவும் செய்கிறது. உப்பிலுள்ள சோடியம் தரும் மஞ்சள் ஒளி அது. பழைய தெருவிளக்குகளில் பார்த்த அதே மஞ்சள். அந்தக் காயையும் ஓர் உறுப்பாக எடுத்துக்கொள்ளலாம், அதன் வோல்டேஜ் இவ்வளவு, கரண்ட் இவ்வளவு என்று எழுதலாம். ஒளியையும் நாற்றத்தையும் அந்தக் கணக்கு சொல்லாது. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதல் நாளிலேயே மாணவன் கண்ணாலும் மூக்காலும் தெரிந்துகொண்டுவிடுகிறான்.

மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் நம் பக்கம் கொண்டுவந்து பார்க்கலாம். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. ஒளியின் வேகத்தில் அதன் ஓர் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை போனாலும் ஒரு முழு அலை முடிந்திருக்காது. வீட்டுக்குள் சுவிட்சிலிருந்து ஃபேன்வரையுள்ள தூரத்தை அலை கடக்கும் நேரம் கணக்கிலேயே வராது. செல்போனுக்குள் இருக்கும் சிப் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போகும், போனின் நீளத்தைவிடக் குறைவு. அங்கே கோட்டை வெறும் கோடாக வரைந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அகர்வாலின் பாடம் டிஜிட்டலுக்குள் நுழையும் இடம் இன்னும் அழகு. ஒன்று, பூஜ்யம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வயரில் ஓடுவதோ வோல்டேஜ், அதில் எப்போதும் இரைச்சல் கலந்திருக்கும். எது ஒன்று, எது பூஜ்யம்? பழைய டி.டி.எல். சிப்புகளின் ஏற்பாட்டைப் பாருங்கள். ‘ஒன்று’ என்று அனுப்புகிற சிப் குறைந்தது 2.4 வோல்ட் கொடுத்தாக வேண்டும். வாங்குகிற சிப்போ 2 வோல்ட் வந்தாலே அதை ஒன்று என்று ஏற்க வேண்டும். ‘பூஜ்யம்’ அனுப்புகிறவர் 0.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, வாங்குகிறவர் 0.8 வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அனுப்புகிறவருக்குக் கண்டிப்பு, வாங்குகிறவருக்குத் தாராளம். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் 0.4 வோல்ட் இடைவெளிதான் இரைச்சலை விழுங்குகிறது. இதை வரையறையாக மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். இது ஓர் ஒப்பந்தம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

2012 மார்ச்சில் இந்தப் பாடத்தை அப்படியே இணையத்தில் திறந்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, நுழைவுத்தேர்வு இல்லை. பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் இந்தியாவிலிருந்து. முதல் வீட்டுப்பாடத்தில் ஒரு புள்ளியாவது எடுத்தவர்கள் 26,349 பேர். கடைசியில் சான்றிதழ் வாங்கியது 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லையே என்று அப்போது பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களைக் கழித்துவிட்டால், பரீட்சைக் கட்டாயம் எதுவும் இல்லாமல் ஏழாயிரம் பேர் மூன்று மாதம் உட்கார்ந்து சுற்றுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இறுதித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய 340 பேரில் ஒருவன் மங்கோலியாவின் 15 வயது பட்டுஷிக். உலான்பாட்டரில் அவன் படித்த பள்ளியின் முதல்வர் அதே மாசசூசெட்ஸ் கழகத்தில் படித்தவர். திரையில் பார்ப்பது மட்டும் போதாது என்று, கையில் தொட்டுச் செய்ய ஆய்வகச் சாமான்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். பையன் தன் வீட்டுப் பக்கம் ஒரு சைரன் கட்டினான். காரேஜிலிருந்து கார் வெளியே வரும்போது, வழியில் விளையாடும் தன் தங்கையையும் மற்றக் குழந்தைகளையும் எச்சரிப்பதற்காக.

நம் ஊர் முதலாண்டுப் பாடத்தை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. மின்சுற்று, மோட்டார், டயோடு, டிஜிட்டல், அளவீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே செமஸ்டரில் அடங்க வேண்டும். சிவில் மாணவனும் மெக்கானிக்கல் மாணவனும் இதைப் படிக்கிறார்கள். பலருக்கு மின்சாரத்தோடு வகுப்பறையில் நடக்கும் கடைசிச் சந்திப்பே இதுதான். ஐந்தில் இரண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தை நிதானமாக நடத்தலாம் என்பது என் கட்சி. ஒரு வெள்ளரிக்காய்க்கு என்ன செலவாகிவிடும்?

என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். ஆய்வகத்தில் பிரெட்போர்டில் செருகும் ஒரு சாண் செம்பு வயரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.01 ஓம். பக்கத்தில் இருப்பது 1,000 ஓம் ரெசிஸ்டர். அதுவே ஐந்து சதவீதம், அதாவது 50 ஓம், கூடக் குறைய இருக்கலாம் என்று தங்கநிறப் பட்டை போட்டு விற்கிறார்கள். அந்த 50 ஓம் சந்தேகத்துக்கு முன்னால் வயரின் 0.01 ஓமை விட்டுவிடலாம். “இருக்கு தம்பி. இங்கே அது தேவையில்லை, ஏன்னா...” என்று தொடங்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவனிடம் ஏன் கேட்டாய் என்றேன். அவர்கள் தோட்டம் லைனின் கடைசிக் கம்பத்தில் இருந்தது. சாயங்காலம் எல்லோரும் மோட்டார் போட்டால் இவர்கள் மோட்டார் உறுமும், சுற்றாது. அவன் அப்பா எழுந்து எழுந்து பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார். கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஓர் ஓம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் போக, ஒரு கிலோமீட்டர் வர, இரண்டு ஓம். அதில் 15 ஆம்பியர் ஓடினால் 30 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிளம்பும்போது 230 வோல்ட், அவர்கள் தோட்டத்துக்கு வந்து சேரும்போது 200. கிர்ச்சாஃப் விதியை வைத்தே போடக்கூடிய கணக்குதான். அந்த வயரைப் படத்தில் வரைந்திருக்க வேண்டும்.