தாளம் தப்பினால் கால் தப்பும்!

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது எங்கள் கே.கே. நகர் சிவன் பூங்கா மூடிக் கிடந்தது. தினமும் அங்கே நடந்து பழகிய நான், வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, ஒரு வீடியோவைப் பார்த்து உடற்பயிற்சி செய்யத் தொடங்கினேன். பின்னணியில் அதிரும் இசை. எதிரே சிரித்தபடி குதிக்கும் பயிற்சியாளர். நான்காம் நாள், "இடப்பக்கம்!" என்ற குரல் காதில் விழுந்தபோது என் கால் வலப்பக்கம் போய்விட்டிருந்தது. திருப்ப முயன்றேன். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பத்து நாள் ஓய்வு!

இயற்பியல் ஆசிரியனுக்கு இது வெட்கக்கேடு அல்லவா? படுத்தபடியே காரணத்தை ஆராய்ந்தேன். நான் கண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இசை காலை இழுக்குமா?

தவில் ஒலி கேட்டதும் உங்கள் விரல் தானாகத் தாளம் போடுவதைக் கவனித்திருப்பீர்கள். நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், தாளம் கேட்கும்போது மூளையில் அசைவுகளை ஆளும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. ஏற்றம் இறைத்த நம் உழவர்கள் பாடிக்கொண்டே இறைத்தார்கள் அல்லவா? நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயம் ஒன்றைக் கவனித்த லியோனார்ட் அயர்ஸ் என்பவர் 1911இல் ஒரு செய்தியை வெளியிட்டார். பாண்டு வாத்தியம் ஒலித்தபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 31.5 கி.மீ.; ஒலிக்காதபோது சுமார் 28.8 கி.மீ.தான்!

ஒரு சிறு கணக்கு

நிமிடத்துக்கு 120 தட்டுகள் உள்ள இசைக்கு, தட்டுக்கு ஒன்றாகக் குதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிப்புக்குக் கிடைப்பது 0.5 விநாடி. அதில் பாதி, அதாவது 0.25 விநாடி, காற்றில் இருக்கிறீர்கள். ஏற 0.125, இறங்க 0.125. ஆகவே உயரம் = ½ × 9.8 × (0.125)² = 0.077 மீட்டர், அதாவது 7.7 செ.மீ. இசை 160 தட்டுகளானால் உயரம் 4.3 செ.மீ. ஆகக் குறைந்துவிடும்.

சரி, தரை உங்கள் காலை எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது? மேலும் கீழும் போய்வரும் முழு நேரத்துக்கும் சராசரி எடுத்தால், தரையின் விசை உங்கள் எடைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். ஆனால் தரை தள்ளுவது பாதி நேரம் மட்டுமே. எனவே அந்த நேரத்தில் சராசரி விசை எடையைப்போல் இரு மடங்கு!

இப்போது பயிற்சியாளரைப்போல் இன்னும் உயரமாகக் குதிக்க ஆசைப்படுகிறீர்கள். தாளம் மாறவில்லை, ஆகவே காற்றில் இருக்கும் நேரம் கூடக் கூடத் தரையில் இருக்கும் நேரம் குறையும். அது மூன்றில் ஒரு பங்கானால் விசை மூன்று மடங்கு. 50 கிலோ மாணவனின் கால்கள் 150 கிலோவைத் தாங்குவது போன்றது இது. முழங்காலை மடக்கி மெதுவாக இறங்குங்கள் என்று சொல்வது, தரையில் இருக்கும் நேரத்தைக் கூட்டத்தான்.

"தஹினே... முட்!"

என் சுளுக்குக்கு இது காரணமல்ல. பயிற்சியாளர் கட்டளையிட்ட விதமே காரணம். என்.சி.சி. அணிவகுப்பை நினைத்துப் பாருங்கள். "தஹினே..." என்று நீட்டிச் சொல்லி, சற்று நிறுத்தி, "முட்!" என்று வெட்டுவார்கள். முதல் சொல் என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எப்போது என்பதைச் சொல்கிறது.

ஏன் இந்த இடைவெளி? ஒலியைக் கேட்டு உடல் அசையத் தொடங்கவே சுமார் ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகும். இடமா வலமா என்று தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இன்னும் அதிகம். 140 தட்டுகள் உள்ள இசையில் இரு தட்டுகளுக்கு இடையே 0.43 விநாடிதான். தட்டு விழும்போது சொன்னால், கால் அதற்குள் கிளம்பியிருக்கும்! நல்ல பயிற்சியாளர் எட்டு எண்ணிக்கையில் ஆறிலேயே "அடுத்து இடப்பக்கம்" என்று சொல்லிவிடுவார். "எப்போது" என்பதைத் தாளம் பார்த்துக்கொள்ளும். ஆதி தாளத்திலும் எட்டு எண்ணிக்கைதானே!

இன்னொரு தொல்லையும் உண்டு. பாட்டுக் குரலும் பயிற்சியாளரின் குரலும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண் பகுதியில் ஒலிப்பவை. பாட்டு ஓங்கினால் கட்டளை அமுங்கிப்போகும். நம் மூச்சிரைப்பும் காதில் விழாது. மிதமான பயிற்சியில் இசை களைப்பை மறக்கச் செய்யும் என்பது உண்மை. அது நன்மைதான், ஆனால் வலியையும் மறந்துவிடக்கூடாது.

செய்து பாருங்கள்

1. இசையின் தட்டுகளை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வேகம் அதிகமா? வீடியோவை 0.75 வேகத்தில் ஓட்டுங்கள். 140 என்பது 105 ஆகிவிடும்.

2. முதல் தடவை உட்கார்ந்து பாருங்கள். கட்டளை தட்டுக்கு முன்பே வருகிறதா?

3. பயிற்சியின் நடுவே ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். எங்கேனும் வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

பூங்கா திறந்து வெகுநாளாயிற்று. நான் மீண்டும் அங்கே நடக்கிறேன். மழை நாட்களில் மட்டும் வீடியோ, அதுவும் 0.75 வேகத்தில்!

உங்களுக்கு ஒரு கேள்வி: நிமிடத்துக்கு 150 தட்டுகள்; பாதி நேரம் காற்றில். எவ்வளவு உயரம் குதிப்பீர்கள்? 4.9 செ.மீ. என்று விடை வந்தால், கணக்கு சரி!