காது கேளாத வாடிக்கையாளரும் கல்லாப் பெட்டியும்

நம் கல்லாவுக்குப் பக்கத்தில் இன்று ஒரு சவுண்ட் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்கிறது. கூட்ட நேரத்தில் நமக்குப் பாதி வேலை மிச்சம். காது கேளாத வாடிக்கையாளருக்கோ அது வெறும் பெட்டி.

2016-இல் வந்த யு.பி.ஐ. அவர்களுக்கு நல்ல உதவிதான். தொகையைத் தாமே பார்த்துச் செலுத்தலாம், சில்லறைக்கு மல்லுக்கட்ட வேண்டாம். சங்கடம் எங்கே வருகிறது? அவர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், நம் பெட்டி வாயைத் திறக்காது. "வரலையே!" என்று நாம் குரலை உயர்த்துவோம். எவ்வளவு உயர்த்தினாலும் அவருக்குக் கேட்காது. பின்னால் நிற்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். ஏமாற்ற வந்தவர்போல அவர் கூசி நிற்பார். இது நியாயமா?

நம் கைப்பேசியில் வரவுப் பட்டியலைத் திறந்து அவரிடம் காட்டுவோம். அவர் திரையிலுள்ள 12 இலக்க எண்ணை அதனுடன் ஒப்பிடுவோம். (போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுவோர் உண்டு, அவர்களில் பலருக்குக் காது நன்றாகவே கேட்கும்.) பணம் கழிந்தும் நமக்கு வரவில்லையா? ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு உத்தரவுப்படி, அடுத்த 5 நாட்களுக்குள் அது தானாக அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதைச் சுருக்கமாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். நீண்ட வாக்கியம் வேண்டாம். எழுத்து வாசிப்பில் தடுமாறுவோரும் அவர்களில் உண்டு.

விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவதும், தராசின் எண்கள் அவருக்குத் தெரியும்படி வைப்பதும் காசு செலவில்லாத காரியங்கள். புதுப் பெட்டி எடுக்கும் அங்கத்தினர்கள், தொகையைத் திரையிலும் காட்டும் வகையைக் கேட்டு வாங்கலாம். வாடகை எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளவும்.