சாயவேரின் செந்நிறம்

மன்னார்ப் பகுதியிலும் யாழ்ப்பாணத்தின் மணற்பாங்கான கரையோரங்களிலும் தரையோடு படர்ந்து வளரும் சிறு பூண்டு ஒன்றுண்டு. சித்த வைத்தியர் இதனை இம்பூறல் என்பர். சாயத்தொழிலோர் சாயவேர் என்றனர். கண்ணைக் கவரும் இலையோ பூவோ இதற்கில்லை. ஆயினும், மணலைத் துளைத்துக் கீழ்நோக்கிச் செல்லும் இதன் மெல்லிய வேரிலிருந்தே, கழுவக் கழுவப் போகாத செந்நிறம் பருத்தித் துணிக்குக் கிடைத்தது. சோழமண்டலக் கரையில் எழுதப்பெற்ற சித்திரத் துணிகள் ஐரோப்பாவிலே பெரு விருப்போடு வாங்கப்பட்டமைக்கு இவ்வேர் ஒரு முக்கிய காரணமாகும். 1795 இல் வெளிவரத் தொடங்கிய தமது சோழமண்டலத் தாவர நூலிலே ரொக்ஸ்பரோ என்னும் தாவரவியலறிஞர் இப்பூண்டைப் படத்தோடு விவரித்துள்ளார்.

1658 இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனியார் இவ்வேரின் பெறுமதியை விரைவில் உணர்ந்தனர். வேரைக் கிண்டிக் கொடுத்தல் வறிய மக்கட் பிரிவொன்றின்மேற் கடமையாகச் சுமத்தப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்த ஒல்லாந்த அதிகாரி ஸ்வார்டெக்குறூன், தமக்குப்பின் நிருவாகத்தை நடத்துவோருக்கென 1697 இல் எழுதிவைத்த குறிப்பேட்டிற் சாயவேரைப் பற்றியும் பேசுகின்றார். நம் சரித்திரப் பாடநூல்கள் யானைக்கும் முத்துக்கும் கொடுக்கும் இடத்தை இவ்வேருக்குக் கொடுப்பதில்லை. யானையைப் போல அது படத்திற் பொலியாது என்பது காரணமாயிருக்கலாம்.

அது நிற்க. வேரில் நிறம் இருத்தல் வியப்பன்று. பீற்றூற்றிலும் மாதுளம்பழத்திலும் நிறமுண்டு. அவற்றின் கறை சில நாட் சலவையில் மறைந்துபோக, சாயவேரின் சிவப்பு மட்டும் துணி நைந்து கிழியும்வரை நிற்பது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண இரசாயனத்துக்கு நீண்ட காலம் சென்றது.

பருத்தி நார் செலுலோசு என்னும் பொருளால் ஆயது. கம்பளியும் பட்டும் புரதங்கள். புரதத்தில் அமிலத் தன்மையுள்ள கூட்டங்களும் மூலத் தன்மையுள்ள கூட்டங்களும் இருத்தலால் பல சாயங்களை அவை தாமே பற்றிக்கொள்ளும். செலுலோசிலோ ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சிற் கூட்டங்களே உள. அவை நீரை விரும்புவன. இத்தகைய சாயங்களை உறுதியாகப் பற்றும் ஆற்றல் அற்றன. ஆகவே பருத்திக்கும் சாயத்துக்கும் இடையே ஒரு தூது வேண்டும். அத்தூதையே நிறமூன்றி என்கின்றோம்.

இதனை வகுப்பிற் செய்து காட்டுதல் எளிது. நன்கு கழுவிய வெண்பருத்தித் துணித் துண்டுகள் மூன்றை எடுத்து, ஒன்றை அவ்வாறே விட்டு, மற்றொன்றைப் படிகாரக் கரைசலிலும், பிறிதொன்றை இரும்பு உப்பின் கரைசலிலும் ஊறவைத்து உலர்த்தி, மூன்றையும் வேரின் சாயநீர் உள்ள ஒரே பாத்திரத்தில் இட்டுச் சூடாக்கிப் பின்னர் நன்கு அலசுக. முதற் துண்டில் மங்கிய கறையன்றி ஒன்றும் எஞ்சாது. இரண்டாவது சிவந்திருக்கும். மூன்றாவது கருமை கலந்த ஊதாவாக இருக்கும். ஒரே பாத்திரத்தில் இட்ட துணி பல நிறங்களோடு வெளிவருதலை எகிப்தியரின் தொழிலாகக் குறிப்பிட்டு உரோமரான பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே வியந்தனர்.

நம் சாயக்காரர் இவ்வேலையை எவ்வளவு நுட்பமாகச் செய்தனர் என்பதை, தென்னிந்தியாவிற் பணிபுரிந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742 இல் எழுதிய கடிதம் விரிவாகக் காட்டுகின்றது. துணியை முதலிற் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்ப்பர். கடுக்காயிலுள்ள துவர்ப்பொருள் நாரையும் பற்றும். பின்னர் வரும் படிகாரத்தின் அலுமினியத்தையும் பற்றும். பாலின் கொழுப்பு, தூரிகையால் எழுதும் படிகாரக் கரைசல் கோட்டைக் கடந்து பரவாவண்ணம் தடுக்கும். சிவப்பு வேண்டிய இடங்களிற் படிகாரத்தை எழுதிய பின்னரே துணி சாயவேர் நீரிற் காய்ச்சப்படும். படிகாரம் படாத இடங்களில் ஏறிய இலேசான கறை, சாணநீரில் ஊறவைத்து வெயிலிற் காயவைப்பதால் அகலும். இச்செயல்களில் ஒன்றையேனும் வீண் சடங்கென்று தள்ளுதற்கில்லை.

அக்கடிதத்திற் கூறப்படும் பிறிதொரு செய்தியே என்னை நெடிது சிந்திக்கச் செய்தது. எல்லாக் கிணற்று நீரும் சாயத்துக்கு ஆகாதாம். நாவிற் கரடாக உறைக்கும் ஒருவகை நீரே வேண்டுமாம். இதனைத் தொழிலோரின் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. ஹவுஸ்மன் என்னும் சாயத்தொழிலாளர், பிரான்சிலுள்ள ரூஆன் நகரில் ‘மடர்’ என்ற செடியின் வேரால் நல்ல சிவப்பைப் பெற்றுவந்தார். அவர் கொல்மார் நகரை அடுத்த லோகெல்பாக்குக்குத் தொழிலை மாற்றியபோது, அதே வேரும் அதே படிகாரமும் அதே கைகளும் இருந்தும் சிவப்பு வரவில்லை. ரூஆனின் நீரிற் சுண்ணம் இருந்தது. புதிய இடத்தின் நீரில் அது போதாதிருந்தது. சாயப் பாத்திரத்திற் சுண்ணக்கட்டியைத் தூளாக்கி இட்டார்; சிவப்பு மீண்டது.

இதன் காரணம் எமது காலத்திலேதான் தெளிவாயிற்று. 1963 இல் கீல், ஹீர்த்யெஸ் என்னும் இருவர், இச்செந்நிறப் பொருளில் அலுமினியத்தோடு கல்சியமும் ஓர் உறுப்பாக அமைந்துள்ளதெனக் காட்டி, அதன் அமைப்பு இவ்வாறிருக்கலாம் என ஒரு கருத்தை வெளியிட்டனர். 1994 இல் வுண்டர்லிக்கும் பெர்கர்ஹோவும் பளிங்கமைப்பை ஆராய்ந்து இவ்விடயத்தை மேலும் துலக்கினர். எனவே வேர், படிகாரம், சுண்ணம் என்ற மூன்றும் கூடியே அச்சிவப்பைத் தருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. கேத்திலின் அடியிற் படியும் வெண்பொருக்கைக் கண்டு இல்லத்தரசியர் சலித்துக்கொள்ளும் அதே நீர், சாயக்காரனுக்கு மூலப்பொருளாகும்.

இனி வேரினுட் கிடக்கும் பொருளைப் பார்ப்போம். 1826 இல் ரொபிக்கே, கொலின் என்ற பிரெஞ்சு இரசாயனவறிஞர் மடர் வேரிலிருந்து அலிசரின், பேர்ப்பியூரின் என்னும் இரு சாயப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அலிசரினின் அமைப்பு 1868 வரை அறியப்படவில்லை. அது நத்தலீனிலிருந்து வந்தது என்றே பலரும் கருதியிருந்தனர். பேர்லினில் பையரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கிறேபே, லீபர்மான் ஆகிய இளைஞர் இருவர், அலிசரினை நாகத்தூளோடு சேர்த்துச் சூடாக்கினர். கிடைத்தது, நிலக்கரித் தாரிலுள்ள அந்திரசீன். பதினான்கு காபன் அணுக்களும் மூன்று வளையங்களும் கொண்ட அப்பொருளிலிருந்து திரும்பிவரும் வழியையும் அவர்கள் அவ்வாண்டே கண்டனர். செடியில் விளைந்த சாயமொன்று ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது அதுவே முதன்முறையாகும்.

அவர்களது முதல் வழி செலவு மிக்கது. கந்தக அமிலத்தைப் பயன்படுத்தும் மலிவான வழியொன்றைக் காறோவுடன் சேர்ந்து கண்டு, 1869 ஆம் ஆண்டு யூன் 25 ஆம் திகதி இங்கிலாந்தில் உரிமை கோரினர். அதே வழியைத் தனித்துக் கண்ட பேர்க்கின் உரிமை கோரியது மறுநாள், யூன் 26 இல். பேர்க்கினின் தொழிற்சாலை 1870 இல் 40 தொன்னும் 1871 இல் 220 தொன்னும் உற்பத்தி செய்தது. மடர் விளைந்த வயல்கள் சில ஆண்டுகளிற் பயனற்றுப் போயின.

இவ்விடத்திற் பிரெஞ்சு நாட்டுப் பாடசாலை ஆசிரியர் ஒருவரை நினையாதிருக்க முடியவில்லை. பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஃபாபர் என்பவரே அவர். கற்பித்துக்கொண்டே தாமாகப் படித்துப் பட்டங்கள் பெற்றவர். வெளிவாரியாகப் படித்த எம்போன்றோர் அவரைத் தம்மவர் என எண்ணிக்கொள்வதிற் பிழையில்லை. சொற்பச் சம்பளத்திலிருந்து விடுபட்டு ஆராய்ச்சிக்குத் தம்மை ஒப்படைக்க விரும்பிய அவர், அவிஞ்ஞோனில் ஆண்டுக்கணக்காக உழைத்து, மடர் வேரிலிருந்து தூய சாயத்தைப் பிரிக்கும் முறையொன்றைக் கண்டார். அது பயன் தரத் தொடங்கிய வேளையிலேயே ஜெர்மனியச் செய்தி வந்தது. அவருடைய முறையிற் குற்றமில்லை, வேரே வேண்டாததாகிவிட்டது. பின்னர் பாடநூல்கள் எழுதிப் பிழைத்தார்.

எம் நாட்டுச் சாயவேர்த் தொழிலை அலிசரின் கொன்றது என்று கூறுதல் முழு உண்மையன்று. இங்கிலாந்தின் இயந்திரத் துணி வந்தபோதே கைத்தறியும் சாயத்தொழிலும் தளர்ந்துவிட்டன. தாரிலிருந்து பிறந்த சாயம் எஞ்சியதையும் கொண்டுபோயிற்று. ஃபாபரின் கதையையாவது அவரே எழுதி வைத்தார். வேர் கிண்டியவர்கள் எழுதவில்லை.

தொழில் மறைந்தபின் ஆராய்ச்சி வந்தது. 1893 இல் லீட்ஸ் நகரிற் சாயவேரின் நிறப்பொருள்களை ஆராய்ந்து வெளியிட்டவர் இருவர். ஒருவர் அங்கே சாயத்தொழிற் பேராசிரியராயிருந்த ஹம்மெல். மற்றவர் ஆர்தர் ஜோர்ஜ் பேர்க்கின். செயற்கை அலிசரினைத் தொன் கணக்கில் விற்ற அதே பேர்க்கினின் மகன்! சாயவேரில் அலிசரின் உண்டு, மடரிலுள்ள பேர்ப்பியூரின் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் முக்கியமானது.

இம்முடிவு இன்று நூதனசாலைகளிற் பயன்படுகின்றது. பழந்துணியிலிருந்து கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் நூற்துணுக்கொன்றை எடுத்து, அதன் சாயத்தைக் கரைத்து, திரவ நிறப்பிரிகை முறையால் உறுப்புகளாகப் பிரிப்பர். அலிசரினும் பேர்ப்பியூரினும் கூடி வந்தால் மடர் எனக் கருதலாம். பேர்ப்பியூரின் மிகுந்து அலிசரின் அருகியிருந்தால் மஞ்சிட்டியை நினைக்கலாம். அலிசரின் இருந்து பேர்ப்பியூரின் இல்லையாயின் சாயவேரை ஐயுற இடமுண்டு. தொழிற்சாலை அலிசரினிலும் பேர்ப்பியூரின் இராதே, எவ்வாறு பிரித்தறிவது என மாணவர் வினவலாம். மூலக்கூறு இரண்டிலும் ஒன்றே. இயற்கை, செயற்கை என்ற வேற்றுமை அதற்கில்லை. ஆனால் வேரிலிருந்து வரும் அலிசரின் தனியே வருவதில்லை. அதனோடு உறவுடைய சிறு பொருள்கள் சிலவும் நூலில் ஏறிவிடும். துணியின் வயதை அறியாதபோதும், அச்சிறு பொருள்களின் சுவடுகளைக் கொண்டு அது மணலிற் கிண்டிய வேரிற் தோய்ந்ததா, தாரிற் பிறந்த சாயத்திற் தோய்ந்ததா என ஆராய்தல் கூடும்.